காய்ச்சல் கண்ட பிடியரிசி மூட்டை

பொருளைக் காணோம் என்று அழுதுகொண்டு வந்தவர்களை ஜாஹிரா நிறையப் பார்த்திருக்கிறாள். பொருள் நல்லதாகிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தது செவ்வந்தி ஒருத்திதான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது ஜாஹிராவின் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னால் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சத்தம் மட்டும் கொடுக்கும் ஒரு மின்விசிறி. அதற்குப் பெயர் கூர்நோக்கு துப்பறியும் நிலையம். வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரித்துச் சொல்வது. மற்றவை, குடிப்பார் என்று சொன்னதற்காகச் சண்டைக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாரைச் சமாளிப்பது. இந்த இரண்டாவது வேலைக்காகவே அருள்தாஸை உதவியாளனாக வைத்திருந்தாள். முப்பது தாண்டியவன், குள்ளம், ஒல்லி, சண்டைக்கு லாயக்கில்லை. ஆனால் வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவான். சிரித்துக்கொண்டே அடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

அது 2001, புரட்டாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியிருந்தது. பிரசார ஆட்டோ ஒன்று மைக்கில் கத்திக்கொண்டு போக, அதன் பின்னாலேயே மஞ்சள் துணி கட்டிய இரண்டு பேர் நாமம் போட்ட சொம்போடு வந்து பூத் வாசலில் "கோவிந்தா" போட்டார்கள். அருள்தாஸ் பையில் கிடந்த சில்லறையைப் போட்டுவிட்டு, ஏசு கோபித்துக்கொண்டால் அக்கா பெயரைச் சொல்லிவிடுவதாகச் சொன்னான். ஜாஹிரா அவனைக் கண்டுகொள்ளாமல் செவ்வந்தியை உட்காரச் சொன்னாள்.

செவ்வந்தி, மானாம்பதி ரோட்டில் இருக்கும் அரவணைப்புக் கஞ்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவள். வயல் வேலைக்கு இனிப் போக முடியாது, சோறு போடவும் ஆள் இல்லை என்கிற கிழவன் கிழவிகளுக்கு அங்கே மத்தியானக் கஞ்சி. பருப்பும் காஸும் சமையல் கூலியும் சென்னையில் ஓர் அறக்கட்டளை கொடுத்தது. அரிசி மட்டும் ஊர் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. யாரோ ஒரு பணக்காரர் மொத்தமாக இறக்கிவிட்டுப் போவதும் கூடாது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை காலையில் செவ்வந்தி மூட்டையோடு தெருத்தெருவாகப் போய் அந்த டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டு வருவாள். ரேஷன் அரிசி, பச்சரிசி, புழுங்கல், நொய் எல்லாம் ஒரே மூட்டையில் கிடக்கும். சர்வகட்சிக் கூட்டம் மாதிரி எதுவும் எதோடும் சேர்ந்து வேகாது. ஆனாலும் வருஷக்கணக்கில் அதுதான் கஞ்சி.

மூன்று வாரமாகத்தான் வினை. கஞ்சிக்கூடத்தில் மூட்டையைப் பிரித்தால் உள்ளே ஒரே அரிசி. சன்னமான பொன்னி. கல் இல்லை, குருணை இல்லை, வண்டு வராமல் இருக்கப் பெண்கள் போடும் வேப்பிலை, காய்ந்த மிளகாய் ஒன்றுகூட இல்லை.

"பையி நான் கட்டின பையிதான்க்கா. உள்ள கீற அரிசிதான் வேற" என்றாள் செவ்வந்தி.

அருள்தாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "அந்தத் திருடன் அட்ரஸ் கெடச்சா சொல்லு. எங்க வூட்டப் பூட்டாம வச்சிடறேன்."

அவள் சிரிக்கவில்லை. போன சனிக்கிழமை அறக்கட்டளை அதிகாரி ஆல்வின் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாராம். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தவர், இது கடை அரிசி, ஊர் கொடுக்கிறது என்று நீங்கள் காட்டுவதெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டார். நாளை மத்தியானம் மறுபடி வருவார். ஊர் அரிசி இல்லையென்றால் காஸ் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கஞ்சிக்கூடத்துக்குப் பூட்டு.

அது பாதிதான். கஞ்சிக்கூடத்தில் பொன்னி என்கிற சேதி தெருவெல்லாம் பரவி, பிடி போட்ட கைகள் எல்லாம் சுருங்கிவிட்டன. காலனித் தெருவில் களையெடுக்கும் கூலிக்காரி செங்கேணி, அரிசி டப்பாவை உள்ளே கொண்டு வைத்துவிட்டு முகத்துக்கு நேராகவே கேட்டாளாம்: "நாங்க ரேசன் அரிசி துன்னுக்கினு கீறோம். பொன்னி துன்றவங்களுக்கு நான் இன்னாத்துக்குப் போடணும்?"

கெட்ட அரிசி போட்டுக் கெடுத்தவர்களை ஊர் பார்த்திருக்கிறது. நல்ல அரிசி போட்டு ஒரு தர்மத்தை இழுத்து மூடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறது.

ஒவ்வொரு வாரமும் மூட்டையைக் கட்டும்போது உள்ளே என்ன இருந்தது என்று கேட்டாள் ஜாஹிரா. முதல் இரண்டு வாரத்துக்கு எந்தத் தெருவில் எந்த அரிசி விழுந்தது என்று செவ்வந்தி ஒப்பித்தாள். மூன்றாவது வாரத்துக்கு மட்டும், எப்போதும் போலத்தான் என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள். ஜாஹிரா அதை மனதில் வைத்துக்கொண்டாள், கேட்கவில்லை. கட்டிய மூட்டையை ட்ரைசைக்கிள் முனியனிடம் ஏற்றிவிட்டு, உலை வைப்பதற்காகச் செவ்வந்தி முன்னால் பஸ் ஏறிவிடுவாள். மூட்டை கஞ்சிக்கூடம் வந்து சேரும்வரை அவன் பொறுப்பு.

முனியன் பஜார் டீக்கடை ஓரத்தில் வண்டியிலேயே படுத்திருந்தான். எழுப்பியதும், தான் ஒரு அரிசி எடுத்திருந்தாலும் கை விளங்காமல் போகட்டும் என்று ஆரம்பித்தான். எடுத்தது யார் என்று கேட்கவில்லை, வழியில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டதா என்றுதான் கேட்கிறேன் என்றாள் ஜாஹிரா.

அவன் தலையைச் சொறிந்தான். "மூட்டைக்கு ஜொரம்மா."

"மாத்திர குட்த்தியா?" என்றான் அருள்தாஸ்.

"மெய்யாலுமே. எறக்கச் சொல்லோ முதுவு சுட்டுக்கினு போவுது. மூணு வாரமாவும் அப்டித்தான். ஏத்தும்போது சில்லுன்னுதான் கீது."

ஜாஹிரா வானத்தைப் பார்த்தாள். மூன்று வாரமாக மழையும் மூட்டமும்தான், வெயில் என்ற பேச்சே இல்லை. வெயில் இல்லாமல் அரிசி சூடாக ஒரே வழிதான் உண்டு. அரைத்து அப்போதுதான் விழுந்த அரிசி மில்லிலிருந்து கை வைக்க முடியாத சூட்டில் வரும். வழியில் எங்காவது நின்றாயா என்று கேட்டதற்கு, நாஷ்டா சாப்பிட நின்றேன் என்றான் முனியன். எங்கே? வீராசாமி ரைஸ் மில் வாசலில். காசு யார் கொடுத்தது?

"வீராசாமி மொதலாளிதான் வாங்கிக் குட்த்தாரு. இட்லி, வடகறி."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வீராசாமி இன்னொருவருக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்தார் என்பது, அரிசி மாறியதைவிடப் பெரிய மர்மம்.

வீராசாமியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மானாம்பதி ரோட்டில் பெரிய மில் அவருடையது. இந்தத் தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு நிற்கிறார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே தர்மம் பஸ் ஸ்டாண்டில் போட்ட ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதில் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் மட்டமான பெயிண்டில் எழுத வைத்தார். அது காயவே இல்லை. உட்கார்ந்தவர்கள் எல்லாம் வேட்டியின் பின்பக்கத்தில் அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதுவும் விளம்பரம்தான் என்று அவருக்கு வருத்தம் இல்லை.

பூத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அருள்தாஸ் யோசித்துக்கொண்டே வந்தான். ஓட்டுக்காக நல்ல அரிசி போடுகிறாரோ என்றால், ஓட்டுக்காகப் போடுகிறவர் மைக் வைத்துச் சொல்லியிருப்பார். புண்ணியத்துக்காக என்றால் அவரை அவனுக்குத் தெரியும்.

"யாருக்கும் தெரியாம நல்லது செய்ற வேட்பாளரை நான் பாத்ததே இல்லக்கா. போலீஸ்ல சொல்லிடலாமா?"

"குட்த்ததையே பாத்துக்கினு கீற. எடுத்தத பாரு" என்றாள் ஜாஹிரா. "பொன்னிய வச்சிட்டு அந்தக் கலப்பட அரிசிய எடுத்தாரே, அது அவருக்கு இன்னாத்துக்கு? அதுல அவருகிட்ட இல்லாதது இன்னா கீது?"

அருள்தாஸ் கல், வண்டு, வேப்பிலை என்று சொல்லிக்கொண்டே போனான். ஜாஹிரா நின்றுவிட்டாள். காலையில் பூத் வாசலுக்கு வந்த அதே மஞ்சள் துணிக்காரர்கள் இப்போது எதிர்வரிசை வீடுகளில் சொம்பை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களையே பார்த்தாள். பிறகு பூத்துக்குள் போய், நாளைக்குக் காலையில் குளித்துவிட்டு வா, உன்னை மூட்டையில் கட்டப்போகிறேன் என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை செவ்வந்தி தெருத்தெருவாகச் சுற்றி வெறும் மூட்டையோடு வந்தாள். ஒரு டப்பாவும் கவிழவில்லை. அரிசி இல்லாத மூட்டையில் அருள்தாஸைப் போட்டுக் கட்டுவது சுலபமாக இருந்தது. வாய்ப்பக்கத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டார்கள், மூச்சுக்கு என்று ஜாஹிரா சொன்னாள், பேச்சுக்கு என்று அவன் சொன்னான். முனியன் எப்போதும் போல வண்டியை மில் வாசலில் நிறுத்திவிட்டு இட்லியிடம் போனான். ஜாஹிராவும் செவ்வந்தியும் உமி மேட்டுக்குப் பின்னால் நின்றார்கள்.

வீராசாமி தனியாக வந்தார். கூலியாட்களை நம்பாதவர், தானே மூட்டையைத் தோளில் ஏற்றப் பார்த்தார். முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு போனார். இழுக்கும்போது, "இந்த வாரம் ஊரு தாராளமா கீதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது உமி மேடு வரை கேட்டது. குடோனுக்குள் போய்க் கட்டை அவிழ்த்தார்.

"மொதலாளி, எனுக்கும் ரெண்டு இட்லி சொல்லுங்க. உள்ள காத்தே இல்ல" என்றது மூட்டை.

வீராசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜாஹிரா உள்ளே போனபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அருள்தாஸ் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தான். மூலையில் நாமம் போட்ட ஒரு பித்தளை அண்டா, மேலே மஞ்சள் துணி, அதன்மேல் துளசி மாலை. ஜாஹிரா துணியை விலக்கினாள். ஊர் அரிசி அத்தனையும் உள்ளே இருந்தது.

"மடிப்பிச்ச வேண்டுதலா, மொதலாளி?" என்று கேட்டாள்.

அவர் ஒப்புக்கொண்டார். மகள் சுலோச்சனாவுக்கு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. மூன்றாவது, ஏழாம் மாதம் தாண்டினால் ஊரில் வீடு வீடாக மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் புரட்டாசி முடிவதற்குள் பெருமாளுக்குத் தளிகை போடுவதாக வேண்டிக்கொண்டார். ஏழு தாண்டிவிட்டது. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருக்கிறாள். முதல் சனிக்கிழமை மஞ்சள் துணி கட்டிக்கொண்டு மனிதர் இறங்கித்தான் போனார். முதல் வீட்டில் அவர் வாயைத் திறக்கும் முன்பே, எங்கள் ஓட்டு உங்களுக்குத்தான் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் சாக்கடை அடைத்திருப்பதைக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். மூன்றாவது வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள், தட்டில் பணம் போட வேண்டியதாயிற்று. பிச்சை எடுக்கப் போனவர் கையில் இருந்ததையும் விட்டுவிட்டு வந்தார். வாயைத் திறந்து பிச்சை என்று சொல்ல வெட்கம். எதிர்த்து நிற்கிறவன் மைக்கில் சொல்லிவிடுவானே என்று பயம் வேறு. நொந்துபோய் மில் வாசலில் நின்றபோது, ஊர் வீட்டு அரிசியெல்லாம் ஒரே மூட்டையாக ட்ரைசைக்கிளில் வந்தது. பெருமாளே அனுப்பியதாக நினைத்தாராம்.

"நான் திருடல. அதவிட நல்ல அரிசிதான வச்சேன்?" என்றார்.

"அதான் தப்பு" என்றாள் ஜாஹிரா. அந்த நல்ல அரிசியைப் பார்த்து ஊர் கையை மூடிக்கொண்டதையும், ஆல்வின் சிலிண்டரைத் தூக்க வந்துகொண்டிருப்பதையும் சொன்னாள். வீராசாமிக்கு அது புதுச் செய்தி. தான் ஒருவருக்கு நல்லது செய்துவிட்டோம் என்று மூன்று வாரமாகக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்திருக்கிறார்.

ஜாஹிரா பேசிக்கொண்டே அண்டாவின் மேல் அரிசியை அள்ளி உள்ளங்கையில் பரப்பினாள். அரிசியோடு உமி கிடந்தது. தவிடு ஒட்டியிருந்தது. கீழே இருந்து அள்ளினாள். அதில் வேப்பிலை இருந்தது, உமி இல்லை. மேலே கிடப்பது கடைசியாக வந்தது, அதாவது போன வாரத்து அரிசி. எந்த வீட்டு அரிசிப் பானையிலும் உமி இருக்காது. அவள் செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

செவ்வந்தி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன சனிக்கிழமையே யாரும் அரிசி போடவில்லை. வெறும் மூட்டையோடு போனால் கிழவிகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று, இந்த மில்லில் தரையைக் கூட்டும் பொம்பளைகளிடம் கெஞ்சி, அவர்கள் கூட்டி அள்ளி வைத்திருந்த அரிசியை வாங்கி மூட்டை கட்டியிருக்கிறாள். எல்லார் நெல்லும் அரைபடும் தரை, அதனால் எல்லா ரக அரிசியும் கலந்திருந்தது. அதைத்தான் வீராசாமி பக்தியோடு எடுத்துக்கொண்டு பொன்னியை வைத்திருக்கிறார்.

அருள்தாஸ் மூட்டைக்குள் இடுப்பு வரை நின்றபடியே விரலை மடக்கிப் பார்த்துவிட்டு வீராசாமியிடம் சொன்னான். "உங்க மில்லுத் தரையில இருந்தத உங்களுக்கே வித்து, அதுக்கு உங்க பொன்னியையே வாங்கிக்கினு கீது உங்க வேண்டுதல். பெருமாளுக்கு வச்சது உங்க தொடப்பத்துல வந்தது மொதலாளி."

வீராசாமிக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. மகள் பெயரில் வேண்டியதைத் தரையில் கூட்டிய அரிசியில் தீர்த்துவிடப் பார்த்தோமே என்று புலம்பினார். இனி என்ன செய்வது என்று ஜாஹிராவிடமே கேட்டார்.

மடிப்பிச்சை என்றால் மடியை ஏந்த வேண்டும், கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள் அவள். தனக்குத் தெரிந்தவரை வேண்டுதலில் மூட்டை மாற்றுகிற வழி எந்தச் சாமியிடமும் கிடையாது. இன்றைக்குக் கடைசி சனிக்கிழமை, மழையும் விட்டிருக்கிறது. வாங்குகிற அரிசியைக் கஞ்சிக்கூடத்திலேயே பொங்கிப் பெருமாளுக்குப் படைத்து, கிழவன் கிழவிகளுக்குப் போடட்டும். ஓட்டுக் கேட்க வந்ததாக நினைப்பார்களே என்றார் வீராசாமி. அதற்கும் ஜாஹிராவிடம் வழி இருந்தது.

அடுத்த அரை மணியில் உத்திரமேரூர் அதுவரை காணாத ஒரு பிரசாரத்தைக் கண்டது. வார்டு வேட்பாளர் மஞ்சள் வேட்டியோடு, மேல்துண்டை மடியாக ஏந்திக்கொண்டு, வீடு வீடாகப் போய், "ஓட்டு வேணாம். ஒரு பிடி அரிசி போடுங்க" என்று கேட்டார். முதல் வீட்டில் ஓட்டு நிச்சயம் உண்டு என்றார்கள். வேணாம் என்றார். கோபமா என்றார்கள். இல்லை, அரிசி என்றார். இரண்டாவது வீட்டில் கிழவர் ஒருவர் நிஜமாகவே பயந்துபோய், மனிதருக்கு என்ன ஆயிற்று என்று அருள்தாஸைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மூன்றாவது வீட்டை எட்டுவதற்குள் சேதி தெரு முழுக்கப் போய்விட்டது. வீராசாமி கையேந்துகிறார் என்றால் அதில் ஒரு பிடி போடும் சந்தோஷத்தை யார் விடுவார்கள்? இரண்டு வாரமாக மூடியிருந்த டப்பாக்கள் திறந்தன. கஞ்சிக்கூடத்துக்கு ஒருநாளும் போடாத வீடுகளும் போட்டன. வேண்டாத வீட்டுக்காரர்கள் இரண்டாவது தடவை கேட்கச் சொல்லி, கேட்ட பிறகு போட்டார்கள்.

ஆல்வின் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்டது இதைத்தான். கொஞ்ச தூரம் குடையும் பையுமாகப் பின்னால் நடந்தார். பிறகு மடி நிறைய நிறையக் கொட்டிய மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் போதாமல், குடையை அருள்தாஸிடம் கொடுத்துவிட்டு மூட்டை வாயைத் தானே விரித்துப் பிடித்தார். ஆனாலும் மனிதர் விவரமானவர். காலனித் தெருவிலிருந்துதான் எப்போதும் பாதி அரிசி வரும், அவர்கள் போடாவிட்டால் இதை ஊர் கொடுத்தது என்று நான் எழுத மாட்டேன் என்று செவ்வந்தியிடம் சொல்லிவிட்டார்.

காலனித் தெருவுக்கு வீராசாமி ஓட்டுக் கேட்க மட்டும்தான் வந்திருக்கிறார், அதுவும் ஆட்டோவில். இன்று நடந்து வந்து செங்கேணி வாசலில் நின்றார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாருக்கு அரிசி என்று கேட்டாள். கஞ்சிக்கூடத்துக்கு என்றார். அவள் அசையவில்லை. பொன்னி சாப்பிடுகிறவர்களுக்கா என்றாள்.

வீராசாமி ஜாஹிராவைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள், எதிர்த்து நிற்கிற வேட்பாளரின் ஆட்டோவும் ஓரமாக நின்றிருந்தது.

"அந்தப் பொன்னிய நான்தாம்மா மாத்தி வச்சேன்" என்றார். "அவங்க கேக்கல. அவங்களுக்கு ஒண்ணுந் தெரியாது. எம் பொண்ணுக்கு வேண்டிக்கினு, பிச்ச எடுக்க வெக்கப்பட்டுக்கினு, நீங்க போட்ட அரிசிய எட்துக்கினேன். உங்கூட்டு அரிசியுந்தான்."

செங்கேணி திரும்பி உள்ளே போனாள். கதவு சாத்தப்படும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கையை ஆல்வின் பிடித்திருந்த மூட்டைக்குள் விட்டு விரித்தாள். "இது கெயவன் கெயவிங்களுக்கு." இன்னொரு கையை வீராசாமியின் மடியில் வைத்தாள். "இது உம் பொண்ணுக்கு. நல்லபடியா பெத்து எட்துக்கினு வூடு வந்து சேரட்டும்."

வீராசாமி மடியை ஏந்தியபடியே நின்று அழுதார். கூடியிருந்தவர்களைப் பார்க்கவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை, இடத்தை விட்டு நகரவும் இல்லை. அவருக்குப் பின்னால் அதற்குள் காலனிப் பெண்கள் டப்பாவும் முறமுமாக வரிசை கட்டிவிட்டார்கள். முதலில் நின்றவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அழுவறத அப்பறமா வச்சிக்கோ நைனா" என்றாள். "அரிசி போட வழிய வுடு."